அட்டை எடுக்கப் போன இடத்தில்

எல்கடுவ
21.11.1997

அன்பு மகன் சுந்தரலிங்கத்துக்கு,

முருகன் புண்ணியத்தில் நானும் தங்கச்சி சந்திரகாந்தாவும் சுகம், நீயும் அந்த வெயில் தேசத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். வழக்கம்போல நான் சொல்லச் சொல்ல தங்கச்சிதான் எழுதுகிறாள். இங்கே மழை விட்டபாடில்லை, மலையில் அட்டைக்கடி தாங்காமல் காலில் சவுக்காரம் பூசிக்கொண்டுதான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறோம்.

தங்கச்சிக்கு வில்கமுவப் பக்கம் டீச்சர் வேலை கிடைத்ததை எழுதியிருந்தேன், ஜனவரியில் போய்ச் சேர வேண்டும். அதற்குள் அவளுடைய அடையாள அட்டை பஸ்ஸில் தொலைந்துவிட்டது. அது இல்லாமல் செக் பொயின்டில் ஆமி பிடித்துக்கொண்டு போனால் யாரைப் போய்க் கேட்பது? அவள் வாய் திறந்து எதையும் கேட்கமாட்டாள், உனக்குத் தெரியும். அதனால் நான்தான் வேலைக்குப் போகாமல் அட்டை ஆபீசுக்கு நடையாய் நடந்து கிளாக்கரை நச்சரித்தேன். வரிசையில் நின்ற நம்ம கடைக்காரர் கலந்தர் நானாகூட, அட்டை எடுக்கணும்னா அட்டை மாதிரி ஒட்டத்தான் வேணும் அழகம்மாக்கா, விட்டுடாதீங்க என்று சிரித்தார்.

நேற்று தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் கிளாக்கர் எழும்பி, இந்தக் கிழட்டு அட்டை திரும்பவும் வந்துட்டுது, யாராவது உப்பைப் போடுங்க என்று சிங்களத்தில் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தங்கச்சியின் சேலையையும் ஃபைலையும் பார்த்துவிட்டு, மிஸ், இது உங்கட அம்மாவா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, எங்கள் லயத்துப் பக்கத்து வீட்டு ஆள் என்றாள் தங்கச்சி. அந்தளவு சிங்களம் எனக்கு விளங்கும்.

இதைச் சொன்னதும் தங்கச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அண்ணனுக்கு மட்டும் வேணாம்மா என்று அழுகிறாள். எழுதத்தான் வேண்டும் என்றேன். அவளைக் கோபித்து எழுதாதே மகனே. எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது, அவள் சொன்னதற்காக இல்லை. அவள் இல்லை என்றதும் நல்லவேளை என்று நினைத்தேனே, அதற்கு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரோ மாதிரி வெளியே போய்விட்டேன். படிக்க வைத்த பிள்ளைக்கு நான்தான் அம்மா என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அவளும் அட்டையைப் பற்றிக் கேட்காமல் என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை திரும்பவும் போகிறோம். இந்த முறை அவள்தான் கேட்க வேண்டும், நான் பக்கத்தில் நிற்பேன். அந்தக் கிளாக்கர் மறுபடி அம்மாவா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கார்த்திகை விளக்கீட்டன்று ஒரு விளக்காவது ஏற்று. நீ நல்லாயிருக்கணும் ராசா.

உன் அம்மா
அழகம்மா

எழுதியது: அழகம்மாவின் மகள் சந்திரகாந்தா