திரையில் வராத வரி

ஜூலை 9

அடியே பென்சில்,

நலமா? உன் வீட்டுக்காரர் நலமா என்று கேட்க மாட்டேன். உன்னைப் படிக்க விடமாட்டேன் என்று அவர் திடமாக இருப்பதால்தான் நீ அங்கேயே இருக்கிறாய்.

டெக்னிக்கல் காலேஜில் வெப் புரோகிராமிங் வகுப்பு தொடங்கிவிட்டது. எல்லாம் சின்னஞ்சிறுசுகள். பக்கத்து நாற்காலிப் பெண் "உக்காருங்க ஆன்ட்டி" என்றாள். முதல் நாளே பகை.

துணிக்கடை பில் கவுன்டரில் நின்றுகொண்டு நாம் இரண்டு பேரும் போட்ட திட்டம் இது. நான் மட்டும் வந்திருப்பது மனதை அறுக்கிறது. அதனால் ஒரு ஏற்பாடு. போனில் பேசினால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் படிப்பதைக் கடிதத்தில் எழுதுகிறேன். நீ காகிதத்தில் கோடிங் எழுதி அனுப்பு. நான் லேபில் டைப் செய்து, திரையில் என்ன வந்தது என்று சொல்கிறேன்.

முதல் பாடம்: எதைத் திறந்தாலும் மூட வேண்டும். ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கத் திறந்தால், அந்தச் சொல் முடிந்ததும் மூடிவிடு.

உன்,
வாயாடி


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த உடனே பீரோவில் போர்வைக்கு அடியில் போய்விட்டது. இவர் வெளியே போன பிறகுதான் படித்தேன்.

கம்ப்யூட்டரைத் தொடாமலே கம்ப்யூட்டர் படிக்கிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சிரிக்காதே. நாம் என்றைக்காவது வைக்கப்போகும் துணிக்கடைக்கு ஒரு பக்கம் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கட்டம் போட்ட தாளில் எழுதினால் எது எங்கே வரும் என்று கண்ணுக்குப் பிடிபடுகிறது. பென்சில் இன்னும் கொண்டையில்தான் இருக்கிறது.

"படிச்சு என்ன கிழிக்கப் போறே?" என்கிறார் இவர். நான் வாயைத் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் எனக்கும் சேர்த்து நீதானே பேசுவாய்.

அன்புடன்,
பென்சில்


செப்டம்பர் 20

பென்சிலே,

மூட மறந்துவிட்டாய். பக்கம் முழுக்க எழுத்தெல்லாம் கொழுகொழு என்று வந்து நின்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், அப்புறம் நீ பக்கத்தில் இல்லையே என்று அழுகை வந்தது.

மூடிவிட்டேன். இப்போது அழகாக இருக்கிறது. அந்த மங்கின நீலத்தையும் செங்கல் நிறத்தையும் எங்கே பிடித்தாய்? சார் என் பின்னால் வந்து நின்று பார்த்து, "நல்லா இருக்கே" என்றார். நான் பேசாமல் இருந்தேன்.

புதுப் பாடம்: திரையில் வராத வரி. கோடிங்குக்குள் செய்கிறவர் தமக்காக எழுதிக்கொள்ளும் குறிப்பு. பக்கத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணில் படாது. கோடிங்கைத் திறந்து பார்த்தால் மட்டும்தான் தெரியும்.

உன்,
வாயாடி


ஜனவரி 14

அன்புள்ள வாயாடிக்கு,

பக்கம் முடிந்தது. உனக்கு வருவது சுத்தப் பிரதி. அழித்து அழித்து எழுதிய தாள்கள் என்னிடம் இருக்கின்றன.

நிறத்தைப் பற்றிக் கேட்டாயே. நாம் வேலை பார்த்த கடை ஜன்னலோரம் வெயில் பட்டு வெளுத்துப்போன துணிகள் இருக்குமே, யாரும் வாங்க மாட்டார்கள். வெளுத்த பிறகுதான் அவை ஒன்றோடு ஒன்று பொருந்தும். தினமும் பார்ப்பேன்.

அடியில் 'செய்தவர்கள்: பென்சில், வாயாடி' என்று போட்டிருக்கிறேன். திரையில் வராத வரி எதுவும் எழுதவில்லை. மறைத்து எழுத நமக்குள் என்ன இருக்கிறது?

பெரிய செய்தி இனிமேல்தான். இவர் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டார். "இடம் குடுத்தா போய்ப் படி. இந்த ஒரு தடவைதான், அப்புறம் பேச்சே எடுக்கக் கூடாது" என்றார். வரும் வருடத்திலிருந்து சேர்க்கைக்குச் சொந்தமாகச் செய்த பக்கம் ஒன்று காட்ட வேண்டும் என்று நீ சொன்னாயல்லவா? இதைத்தான் காட்டப் போகிறேன். கால் தரையில் நிற்கவில்லை எனக்கு.

அன்புடன்,
பென்சில்


ஏப்ரல் 28

பென்சில்,

வேலை கிடைத்துவிட்டது. கடைநிலை வேலைதான், ஆனாலும் எனக்கென்று ஒரு மேசை. நேர்முகத்தில் இந்த நிறங்கள் எப்படித் தோன்றின என்று கேட்டார்கள். வெயில் பட்ட துணி என்றேன். கேள்வி கேட்ட அம்மா எழுந்து வந்து கை கொடுத்தார்.

நான் செய்த பக்கம் கடைசி நேரத்தில் பாதிதான் வந்தது. அதெல்லாம் நேரில் சொல்கிறேன்.

நீ எதற்கும் இன்னொரு பக்கம் செய்து வைத்துக்கொள். உனக்கா கஷ்டம்? புது இடத்தில் மூச்சு விட நேரமில்லை. கடிதம் தாமதமானால் கோபித்துக்கொள்ளாதே.

வாயாடி


ஜூன் 17

வாயாடிக்கு,

உன் கடிதத்தைச் சந்தோஷத்தில் படித்தேன். அதனால் ஒன்றும் புரியவில்லை.

கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நானே டைப் செய்து பக்கத்தைக் காலேஜுக்கு எடுத்துப் போனேன். செல்லப் பெயர்கள் சேர்க்கைக்கு எதற்கு என்று அடியில் இருந்த பெயர் வரியை மட்டும் விட்டுவிட்டேன். என் நிறங்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திரையில் பார்த்தேன். நீ கூட இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் சார் நல்லவர், திட்டவில்லை. "இது இப்பதான் படிச்சு முடிச்ச பொண்ணு செஞ்சதும்மா. இதைக் காட்டித்தான் அவளுக்கு வேலையே கிடைச்சுது. அப்படியே காப்பி அடிச்சுட்டு வந்தா எப்படி?" என்று தன் திரையைத் திருப்பிக் காட்டினார். அடியில் உன் முழுப் பெயர் மட்டும் இருந்தது. பிறகு கோடிங்கையும் திறந்தார். நடுவே ஒரு வரி: 'நிறமும் அமைப்பும் பென்சில்.'

அதை நீ அன்பாகத்தான் எழுதியிருப்பாய். யார் கண்ணிலும் படாத இடத்தில் எனக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறாய். இந்த வீட்டில் எனக்கு அந்த இடம்தான், வாயாடி. உன்னிடமும் அதுதான் என்று தெரியாமல் போய்விட்டது. வலிக்கிறது.

"பென்சில்னு போட்டிருக்கே, யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

அழித்து எழுதிய தாள்கள் என் பையில்தான் இருந்தன. எடுத்து மேசைமேல் வைத்திருந்தால் எனக்கு இடம் கிடைத்திருக்கும், உனக்கு வேலை போயிருக்கும். "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் கேட்டதற்கு இடம் இல்லையாம் என்றேன். "அப்பவே சொன்னேன்ல" என்றார்.

வேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். இனிக் கடிதம் போடாதே. அடியில் பென்சில் என்று கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.