புரியாமல் ஆட்டிய தலை

ஷிப்ட் முடிந்து வரும்போது சட்டைப் பையில் எனக்கென்று ஒரு துண்டு கடலை மிட்டாய் இல்லாமல் வந்ததே இல்லாத என் அப்பாவுக்கு,

செல்வி எழுதுகிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள், மூட்டு வலிதான் விடவில்லை. ஆகுர்டியில் அதே வீடு, அதே ஒழுகுகிற குழாய். நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம் முடிக்கப் போகிறேன். பட்டமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த நாலு வருஷப் படிப்பு. உங்கள் மகள் டீச்சர் ஆகப் போகிறாள் அப்பா!

இதை எழுத உட்கார்ந்தது சந்தோஷத்தில் இல்லை, பயத்தில். காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

போன வாரம் எங்கள் ஜோஷி மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு மராத்தியில் மடமடவென்று ஏதோ சொன்னார். எட்டு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். காய்க்காரரிடம் பேரம் பேசுகிறேன், பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை போடுகிறேன், எல்லாம் மராத்தியில்தான். ஆனால் மேஜைக்கு அந்தப் பக்கம் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பேசினால் போதும், தெரிந்த மராத்தியெல்லாம் எங்கேயோ ஓடிவிடும். கடைசியில் "சமஜ்லா கா?" என்றார். புரிந்ததா என்று கேட்கிறார். அந்தக் கேள்வி மட்டும் எனக்கு நன்றாகப் புரியும். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தால், கடைசி வருஷத்தில் ஹானர்ஸ் எடுப்பவர்கள் பட்டியலில் என் பெயர்.

என்ன ஏது என்று கூடப் படிக்கிறவள்தான் விளக்கினாள். ஹானர்ஸ் எடுக்காவிட்டாலும் பட்டம் கிடைக்கும், டீச்சர் வேலைக்கும் போகலாம். எடுத்தால், வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரு வருஷம் முழுக்க ஒரே பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்து எழுதி, முடிவில் பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்க, மராத்தியில் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன்.

"ஏட்டி, ஒனக்கு வாயில்லயா? புரியலன்னு சொன்னா தலையவா வாங்கிருவாவ?" என்று அம்மா கத்தினாள். ஓடிப்போய் மேடத்திடம் ஹானர்ஸ் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன், அன்றைக்குப் புரியவில்லை என்று சொல்லவில்லை. ஒரு சம்மதத் தாளைக் கையில் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். அடித்துவிடட்டும் என்றுதான் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை தேஹு ரோடு பக்கம் ஒரு பள்ளியில் எனக்குப் பயிற்சி வகுப்பு. பின்பெஞ்சில் மதிப்பெண் போட மேடம் உட்கார்ந்திருந்தார். நான் பலகையில் ஒரு பாக்ரி ரொட்டியை வரைந்து, அதைப் பாதி, கால் என்று பிரித்துப் பின்னம் நடத்தினேன். "சமஜ்லா கா?" என்று கேட்டதும் வகுப்பே "ஹோ!", ஆமாம் என்று கத்தியது. ரஷ்மிதா என்று ஒரு சின்னப் பெண், கட்டட வேலைக்காக ஒடிசாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளை. அவள் கத்தவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள். கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. நோட்டில் ரொட்டியை அழகாக வரைந்திருந்தாள், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்தத் தலையாட்டலை எனக்குத் தெரியாதா அப்பா? தெரிந்தும் அவளைத் தாண்டி அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். மேடம் பார்க்கிறார், மதிப்பெண் போய்விடும் என்ற பயம். எனக்கு "மிக நன்று" என்று எழுதிக் கொடுத்தார். ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

இப்போது உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாம் தென்காசியிலிருந்து இங்கே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. உங்களுக்கு நெஞ்சு எரிகிறது என்று மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பள்ளிக்கூடம் போகிறவள் என்று என்னை முன்னால் நிறுத்தினீர்கள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். "சமஜ்லா கா?" என்றார், நான் தலையாட்டினேன். "என்னட்டி சொல்லுதாரு?" என்று நீங்கள் கேட்டீர்கள். "மாத்திரை போட்டா சரியாயிருமாம்ப்பா" என்றேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை அப்பா. நீங்கள் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் அந்தச் சீட்டைப் படித்துச் சொன்னார். மறுநாள் காலையிலேயே இருதயப் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். நீங்கள் மறுநாள் ஷிப்ட்டுக்குப் போனீர்கள். அந்த வாரம்கூட முழுசாக முடியவில்லை. பரிசோதனைக்குப் போயிருந்தால் இருந்திருப்பீர்களா? யாரிடம் கேட்பது? பேராசிரியர்களுக்கு முன்னால் நிற்கப் பயம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் உண்மையான பயம், நான் தலையாட்டினால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்பதுதான்.

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நானும் அங்கனதாம்ட்டி நின்னேன். அந்த டாக்டரு என் மூஞ்சியப் பாத்தும்தான் கேட்டாரு. நானும் ஆட்டுனேன், ஒங்கப்பாவும் ஆட்டுனாரு. பெரியவுக நாங்க ரெண்டு பேரு நிக்கையில, பச்சப்புள்ள நீ என்னட்டி செய்வ?" என்றாள். பிறகு என் தலையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள். இத்தனை வருஷமும் நான் ஒருத்திதான் இதைச் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தேன் அப்பா. அவளும் சுமந்திருக்கிறாள், பக்கத்திலேயே படுத்துக்கொண்டு.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நாளை மேடத்தின் அறைக்குப் போய் முதலில் "மலா சமஜ்லா நாஹி", எனக்குப் புரியவில்லை என்று சொல்லப் போகிறேன். அன்றைக்குச் சொன்னதை மெதுவாக இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்கப் போகிறேன். கண்ணாடி முன்னால் நின்று இருபது தரமாவது சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ரஷ்மிதாவின் பள்ளியையே எனக்குக் கொடுங்கள் என்றும் கேட்பேன். ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனி அவள் தலையாட்டினால் நம்ப மாட்டேன் அப்பா. பின்பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தாலும் நம்ப மாட்டேன்.

அன்றைக்கு நீங்கள் நம்பி முன்னால் நிறுத்திய
உங்கள் மகள்,
செல்வி