உன் அப்பா லண்டனுக்கு வருகிறார்

ஹாலிவுட், 1957

அன்பு மகள் ஜூடித்துக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளை லென்னும் டேவியும் அந்தக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, இங்கே நான் நன்றாக இருக்கிறேன், உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பதவிதான் போய்விட்டது. இத்தனை வருஷம் ஸ்டுடியோவில் அவர் பார்த்த வேலை உனக்குத் தெரியாததா, முதலாளியான என் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்ததுதான். சித்தப்பா கொட்டாவி விட்டால் 'நானும் அதேதான் நெனச்சேன், நீளம்' என்பார், சிரித்தால் 'அது என் யோசனை' என்பார், அப்படியே துணைத் தலைவரும் ஆகிவிட்டார். சித்தப்பா கண்ணை மூடியதும் நியூயார்க்கிலிருந்து வந்த புது ஆட்கள் படம் பார்க்கவே வருவதில்லை, பாவம், மனுஷன் யார் முகத்தைப் பார்ப்பார்? முதல்முறையாகச் சொந்தமாக ஒரு கருத்துச் சொன்னார், தொலைக்காட்சியை ஜனங்கள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று. அடுத்த வாரம் ஸ்டுடியோ சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிற டோலரஸ் அவரைச் சமையலறைக் கதவோரம் உட்காரவைத்து, 'கோவிச்சுக்காதீங்க மிஸ்டர் கெஸ்லர், உங்க மேஜை இனிமே வேற ஒருத்தருக்காம்' என்றாளாம். வேலை போனது அப்படித்தான் தெரிந்தது. சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்ததைப் பெருமையாக வேறு சொன்னார்.

இப்போது லண்டனில் சொந்தமாகப் படம் எடுக்கப்போகிறாராம். கதை யார் எழுதுவார்கள் என்றேன், சுவரைப் பார்த்துக்கொண்டே 'நம்ம லென் இருக்கான்ல' என்றார். நம்ம லென்! கம்யூனிஸ்ட் இல்லை என்று கையெழுத்துப் போட மறுத்ததற்காக ஸ்டுடியோவில் கதை எழுதிக்கொண்டிருந்த அவனைத் தன் வாயாலேயே வேலையை விட்டு அனுப்பி உங்களைக் கடல் தாண்ட வைத்தவர், உன் பெயரையே வீட்டில் எடுக்கக்கூடாது என்றவர். 'திரையில அவன் பேர் வருமா?' என்று கேட்டேன். 'அது கொஞ்சம் சிக்கல் பெஸ், அவன் பேரைப் பாத்தா அமெரிக்காவுல படத்தை யாரும் வாங்க மாட்டாங்க, வேற பேர்ல எழுதட்டுமே' என்றார். 'அப்ப நீங்களும் வேற பேர்ல போய்க் கதவைத் தட்டுங்க, கெஸ்லர்னு சொன்னா தொறக்க மாட்டாங்க' என்றேன். சில நாள் கழித்து ஒரு காலையில் முட்டையைக் கிளறிக்கொண்டே 'சரி, அவன் பேரையே போடறேன்' என்றார்.

அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறார். அவர் பேச்சை மட்டும் நம்பாதே, லென் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும், அவன் முடியாது என்றால் ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிடு, எனக்காக இறங்கிப்போக வேண்டாம். நீங்கள் மூவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும், காதை மூடாமல் வெளியே போகாதீர்கள். இன்னொன்று, உன் அப்பா கடை கடையாக ஏறிப் பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கி வைத்திருக்கிறார். டேவிக்கு ஐந்து வயதாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உன் அம்மா,
பெஸ் கெஸ்லர்