புளி போட்டுத் தேய்த்த காலணா

இன்றைக்குக் காலையில் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்க வந்தவர்கள் ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கடையில் வைத்துவிட்டுப் போனார்கள். புளியைக் கரைத்துக் கையை விட்டேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், நீ வாசலில் இடுப்பில் கை வைத்து முறைக்கிற மாதிரியே இருந்தது. நீ போய் இரண்டு வருஷமாகியும் புளியைத் தொட்டால் எனக்கு உன் பயம்தான், போ.

சித்தேரி மலைக்கு நர்ஸாகப் போய்வந்தவள் நீ. ஊசி போடப் போன வீடுகளில் பழைய காசு இருந்தால், அதன் மதிப்பைச் சொல்லி நியாயமான விலைக்கு வாங்கி வருவாய். அதில் ஒரு காலணாவை மட்டும் பஞ்சில் பொதிந்து தனியாக வைத்திருந்தாய். "நல்லாப் பாருங்க, ராசா கிரீடத்துல ஒரு முத்துகூடத் தேயலை. அதிகம் கைமாறாத காசு. இதுவே தேஞ்சிருந்தா பத்துக்கும் இருபதுக்கும்தான் போவும். இப்ப நம்ம வூட்டுக்கு ஓடே மாத்தலாம்" என்றாய். மழைக்கு முன்னால் ஓடு மாற்றியாக வேண்டும். அதற்கு நம்மிடம் இருந்த ஒரே வழி அந்தக் காசு.

சேலத்திலிருந்து அதை வாங்க ஆள் வருகிற அன்று, நீ இன்னும் மலை பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். நானோ பாத்திரக் கடைக்காரன். கருத்துக் கிடக்கிற காசை வந்தவர் முன்னால் வைப்பதா? புளியும் உப்பும் போட்டு ஒரு தேய்ப்பு. அடேயப்பா, என்ன பளபளப்பு! நீ வந்ததும் பெருமையாக நீட்டினேன்.

"அய்யய்யோ, என்ன பண்ணித் தொலைச்சீங்க! அது அழுக்கு இல்லீங்க, செம்போட தோலு. உரிச்சு வச்சிருக்கீங்களே!"

அப்படியே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாய். மலை முழுக்க வீடு வீடாகக் 'காசைத் தேய்க்காதீங்க' என்று சொன்னவள், சொந்த வீட்டில் சொல்ல மறந்துவிட்டாயே மகராசி!

வந்தவருக்குச் சின்ன வயசு. காசு சேர்க்க ஆரம்பித்தே ஆறு மாசம்தான். பார்த்ததும் முகமெல்லாம் பல். "புதுசாட்டம் இருக்குதுங்களே அக்கா!" என்று பேசிய பணத்தை எடுத்துவிட்டார். நான் உன்னைக் கண்ணால் கெஞ்சினேன். சும்மா இரேன், அவருக்கா தெரியப் போகிறது? நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"பணத்தை உள்ள வைங்க தம்பி. இது புளி போட்டுத் தேச்சது. விவரம் தெரிஞ்சவங்க கால்வாசி விலைக்குக்கூட எடுக்க மாட்டாங்க."

தேய்த்தது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் காலணாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த மழைக்காலம் முழுக்க, விற்க வைத்திருந்த அண்டாவும் குண்டாவும் நம் வீட்டுக்குள் ஒழுகலைப் பிடித்துக்கொண்டிருந்தன. நீ சிரித்தாய். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்: உன்னை மாதிரி ஒருத்தி இந்த ஜில்லாவிலேயே கிடையாது.

போன வாரம் அதே தம்பி வந்தார். இப்போது அவர் பழைய காசு வியாபாரி. உன் காசுகளை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். எடுத்து வைத்தேன். ஒவ்வொரு காசையும் போட்டு வைத்த காகித உறைமேலும் உன் கையெழுத்து: 'விளிம்பில் அடி', 'கழுவியது', 'நல்ல நிலை'. அவர் ஒன்றையும் பிரிக்கவில்லை.

"அக்காவே எழுதியிருக்காங்க, அப்புறம் என்னத்தைங்க பார்க்கிறது?"

எனக்கு ஊரில் பத்துப் பேரைக் கூப்பிட்டு அதைக் கேட்க வைக்கலாம் போலிருந்தது.

கடைசி உறையில் மட்டும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நோய் முற்றியபோது வாங்கியது போலிருக்கிறது. "நீங்களே பார்த்துச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று என்னிடம் நீட்டினார். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எழுத்துக்கு நடுவே முடியளவு ஒரு கீறல். வாயை மூடிக்கொண்டிருந்தால் அது 'நல்ல நிலை'தான், மூன்று மடங்கு விலை.

"கீறல் இருக்குதுங்க தம்பி, இங்க பாருங்க" என்றேன்.

அவர் விலையைக் குறைத்து எழுதினார். நான் உன் புருஷன் என்கிற மிடுக்கோடு அவருக்கு ஒரு டீ சொன்னேன்.