ஒன்றரை மீட்டர் கோடு

மே 12, செவ்வாய். காலை 6.10. தாண்டல்கள் 48.

45 முறை, என்னிடம் பயிற்சி எடுக்கும் டாப்கிகெனின் கால் கோட்டிலேயே விழுந்தது. ஒவ்வொரு தடைக்கட்டைக்கும் ஒன்றரை மீட்டர் முன்னால், எம்பும் கால் விழ வேண்டிய இடத்தில் நான் போட்ட சுண்ணாம்புக் கோடு. ஜூன் ஆறில் எல்டோரெட்டில் மூவாயிரம் மீட்டர் தடையோட்டத் தேர்வு. முதல் மூன்று பேருக்குத் தேசிய முகாம். இல்லையென்றால் அவள் நந்தி மலைத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

மே 19

பெண்களுக்கு முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுக்கும் சுகுட், கயிறும் சுண்ணாம்புமாக என்னைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பந்தயத்துக்கு ஆள் தயார் பண்றியா, வீட்டுக்கு அஸ்திவாரம் போடுறியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். இவனிடம் என்ன விளக்குவது. ஒவ்வொரு தாண்டலுக்குப் பிறகும் அவளிடம் பிழை சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

மே 26

மழையில் கோடு கரைந்துவிட்டது. இன்று கோடில்லாமல் தாண்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். 20-க்கு 7 தான் சரி. கட்டையை நெருங்கும்போது குட்டிக் குட்டி அடி வைத்துத் தடுமாறுகிறாள். சேறு, வழுக்கல். மறுபடி கோடு போட்டேன், சரியாகிவிட்டது. களைப்பு.

ஜூன் 2

48-க்கு 48.

ஜூன் 6

எட்டாவது.

ஜூன் 7

நேற்று அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. முதல் தடைக்குப் பதினோரு பேரும் முட்டிமோதிக்கொண்டு வந்தார்கள். அவள் தலை குனிந்தது. தரையில் எதையோ தேடினாள். கிட்டத்தட்ட நின்று, கை ஊன்றி ஏறினாள். எல்லாத் தடையிலும் அதே கதை. தடைகளுக்கு நடுவில் உள்ள வெற்றுத் தரையில் மட்டும் ஒவ்வொருத்தராக எட்டிப் பிடித்தாள் — ஓட்டத்தில் குறையே இல்லை.

திரும்பி வந்து வண்டியை விட்டு இறங்கும் இடத்தில் சொன்னாள்: "கோச், எனக்குக் கட்டையைப் பாக்கவே தெரியல. உங்க கோட்டைத்தான் தெரியும். அது அங்க இல்ல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பயிற்சியில் சரியாக வருவது வேறு, கற்றுக்கொள்வது வேறு — கல்லூரிப் பரீட்சையில் இதை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். மழையன்னிக்குக் கண்ணு முன்னால வந்துதே, 20-க்கு 7. அதை ஏன்டா சேறுன்னு எழுதின?

ஜூன் 9

சனிக்கிழமை ஊருக்குப் போகிறாளாம். தோட்டத்தில் அவள் சித்தப்பா வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டாராம். சுகுட் சொன்னான், இந்தத் தடவை கிண்டல் இல்லை.

செய்ய வேண்டியவை:

1. மிச்சச் சுண்ணாம்பைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுவது.

2. சுற்றுக்குச் சுற்று கட்டைகளை இடம் மாற்றுவது. பெண்களைக் கூட்டமாகவே ஓடவிடுவது. இடது காலோ வலது காலோ, எது வருகிறதோ அதில் தாண்டட்டும்.

3. அவர்களாகக் கேட்காமல் நான் வாய் திறப்பதில்லை.

4. நாளை ஓட்டத்துக்கு முன்னால், எல்லார் எதிரிலும், தோற்றது என் கோடு, நீ இல்லை என்று டாப்கிகெனிடம் சொல்வது. இருக்கச் சொல்லிக் கெஞ்சக் கூடாது.

5. அப்படியும் போகிறாள் என்றால், பேருந்து நிலையம் வரை பையை நானே தூக்கிப் போவது. வழியில் கால் வைக்கும் முறை பற்றிப் பேசாமல் இருப்பது.