வில்லுக்குள் இருந்த எண்

வார்னிஷ் வாடை எனக்கு ஆகாமல் போய்விட்டது. படகுகளைத் தேய்த்து வண்ணம் பூசியே சோறு தின்றவன் நான், சிரிக்காதே. பத்து நாள் மண்ணெண்ணெய் விட்டு, நேற்று உன் வில்லின் திருகுகளைத் திறந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வாடை மரத்தை விட்டுப் போகவில்லை.

உன் அண்ணன் கப்பலிலிருந்து கொடுத்தனுப்பிய வில். சின்ன வயதில் நீங்கள் இருவரும் மூங்கில் வில்லோடு ஏரியில் மடவை மீன் அடிக்க அலைந்ததை அவர் மறக்கவில்லை. நடுவில் மரப்பிடி, மேலும் கீழும் வளைந்த இரண்டு கைகள். திருகைக் கழற்றினால் மூன்று துண்டு. கடிதம் இல்லை. யார் யார் கையோ மாறி நம் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு அது வந்து சேர்ந்தது எழுபத்தொன்பதில். அவருடைய கப்பல் மூழ்கியதாகச் சேதி வந்ததோ எழுபத்தைந்தில். ஊரார் கருமாதி பண்ணச் சொன்னார்கள். அண்ணி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றார்.

"வில்லு எப்ப செஞ்சதுன்னு தெரிஞ்சா போதும்டா. எழுபத்தஞ்சுக்கு அப்பால செஞ்சதுன்னா அண்ணன் உசுரோட இருந்துக்கிறாரு" என்றாய். மூன்று வருஷம் அலைந்து, பழைய வில் சேர்க்கும் ஒருவரை மெட்ராசிலிருந்து வரவழைத்தாய். பெரிய மனுஷன் வருகிறாரே என்று, முந்தின நாள் நீ கடலுக்குப் போயிருந்தபோது, நான் பிடியை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு தடவை வார்னிஷ் அடித்தேன். உப்புக்காற்று பட்ட மரத்தைக் கண்டால் நமக்குத் தெரிந்தது அதுதானே. மையில் ஏதோ எழுதியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன்.

வந்தவர் பிடியில் பதித்திருந்த, நாணயம் போன்ற உலோக வில்லையைப் பார்த்தார், கைகளின் நிறத்தைப் பார்த்தார். "எழுபதுக்கு மேல செஞ்சது. சரியான வருஷம் நம்பர்லதான் இருக்கும். முதல் ரெண்டு இலக்கம்தான் வருஷம். இந்த இடத்துல மையில எழுதியிருப்பாங்க. யாருப்பா இதைத் தேச்சது?"

அண்ணி வாசலில் நின்றார். நீ என் பக்கம் திரும்பாமலே, "நான்தான் சார்" என்றாய்.

கைகளின் அடியில், பிடிக்குள் மறைந்த இடத்திலும் எண் இருக்கலாம் என்றார் வந்தவர். திருகுகள் துருவேறி இறுகியிருந்தன. நீ முறுக்கியபோது மரம் நெரிந்தது. "வுட்ரு தம்பி. அவரு குடுத்ததாவது முழுசா இருக்கட்டும்" என்று அண்ணி உள்ளே போய்விட்டார். அடுத்த மாதம் கருமாதி நடந்தது.

படகடியில் ஒருநாள், "நல்லதுன்னு நெனச்சிதானே செஞ்ச" என்றாய். அதற்குப் பதில் நீ நாலு வசவு வைதிருக்கலாம்.

காமாலையில் நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. நேற்று கழன்ற கையின் அடியில், வார்னிஷ் படாத இடத்தில் எண் அப்படியே இருந்தது. எழுபத்தேழில் தொடங்குகிறது. அண்ணன் அதற்குப் பிறகும் இருந்திருக்கிறார்.

காலையில் அந்தக் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு அண்ணியிடம் போனேன். மணலில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இன்று உனக்குத் திதி, வரவில்லையா என்று பேச்சைத் தொடங்கினேன்.

"அந்த வில்லைத் தேச்சவனுக்கு நான் இன்னாத்துக்குத் தம்பி சோறு படைக்கணும்?" என்றார், நிமிராமலே.

துணியைப் பிரிக்காமல் திரும்பிவிட்டேன். மறுபடி போக வேண்டும். இரண்டு வார்த்தைதான். "நான்தான் அண்ணி." நீ எப்படி அவ்வளவு சட்டென்று சொன்னாய்?