சவானில் அப்பாவின் வீடு

கிரின்ஸ்டெட்
டென்மார்க், ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் சாரங்கிக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், பொய்யோடு தொடங்கக் கை வரவில்லை. அதனால் உன் சுகத்தை மட்டும் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். போன் இருக்க இந்த மனுசி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போன் எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி என்னத்தைக் கதைப்பது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு என்னை எவ்வளவு திட்டினாய், இன்றைக்கு அதுதான் உதவுகிறது. எழுத்துக்கூட்டியாவது முழுக்க வாசி.

நாங்கள் இருந்த பழைய மாடிப் புளொக்கை இடித்து முடித்துவிட்டார்கள். சிவானந்தன் அண்ணை அந்தப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார், எங்கள் வாசல் இருந்த இடத்தில் புல் போட்டிருக்கிறார்களாம். வெளிநாட்டுச் சனம் ஒரே இடத்தில் கூடிவிட்டது, கலைக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், கலைத்தும் விட்டார்கள். அங்கே இருக்கும்போது லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியில் குப்பை என்று நானும் வாய் ஓயாமல் முறைப்பாடு சொன்னவள்தான். ஆனால் அப்பாவுக்கு மறதி வந்த பிறகு அந்தப் படிதான் அவரைப் பார்த்துக்கொண்டது. எந்த மாடியில் ஏறி யாருடைய கதவுப் பூட்டில் திறப்பைப் போட்டாலும் அந்த வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து எங்கள் வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். கீழ்வீட்டு சோமாலிப் பெண் ஹோடான் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவாள். இப்போது அவள் எங்கே, நாங்கள் எங்கே.

சிவானந்தன் அண்ணை பக்கத்தில் இருக்கிறார் என்றுதான் கிரின்ஸ்டெட்டுக்கு வந்தோம். நல்ல வீடு, குறை சொன்னால் வாய் அழுகும். ஆனால் நினைத்த நேரத்துக்கு பஸ் இல்லை, எனக்குக் கார் ஓடத் தெரியாது, அப்பாவின் லைசென்ஸையும் எடுத்துவிட்டார்கள். போன கிழமை நான் குளித்துவிட்டு வர அவரைக் காணவில்லை. அடுத்த தெருவில் ஒரு டெனிஷ் மனுசியின் கதவில் பழைய வீட்டுத் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றிருக்கிறார். தனியாக இருப்பவள், பயந்துபோய்ப் பொலிசுக்கு அறிவித்துவிட்டாள். அவளில் பிழையில்லை, நானும் அதைத்தான் செய்திருப்பேன். பொலிஸ்காரர் மரியாதையாகத்தான் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஆனால் அப்பா அழுதார், சாரங்கி. ஊரில் ஆமி பிடித்து வைத்திருந்துவிட்டு விட்ட அன்றைக்கும் அழாத மனுசன். அன்றிலிருந்து கதவை உள்ளே பூட்டித் திறப்பை என் சட்டைக்குள் வைத்திருக்கிறேன். கட்டின புருசனுக்கு நானே மறியல்வீட்டுக் காவல்காரி. உன் தம்பி சுஜிந்தன் கோப்பன்ஹேகனில் இருந்துகொண்டு முதியோர் இல்லத்தில் விடச் சொல்லி டெனிஷில் புத்தி சொல்கிறான். கதைக்கிற டெனிஷ் எல்லாம் மறந்துபோன மனுசனை அங்கே கொண்டுபோய் விட்டால் தண்ணி வேண்டும் என்று எந்தப் பாஷையில் கேட்பார்.

இனி உன் படத்துக்கு வருகிறேன். கரீபியன் தீவில், சார்லட் அமாலியில் நீ கூரை திருத்துகிற சவான் பகுதியில் ஒரு வாசலில் நின்று எடுத்து அனுப்பினாயே, பழைய பலகை வீடு, கல்லுப்படி, சுவரில் இங்கத்தைத் தெருக்கள் மாதிரியே 'காடே' என்று டெனிஷில் முடிகிற தெருப்பெயர். டென்மார்க் அந்தத் தீவை ஆண்ட காலத்தில் விடுதலை கிடைத்த கறுப்புச் சனத்துக்கென்று ஒதுக்கின இடம் என்று எழுதியிருந்தாய். வாசிக்க எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. அங்கே எல்லாரும் ஒரு பக்கத்தில் இருங்கள் என்றார்கள், இங்கே ஒரு பக்கத்தில் இருக்காதீர்கள் என்கிறார்கள். புயலில் பறந்த கூரையைத் திருப்பிப் போட்டுக்கொடுக்க அந்த வீடுகளுக்கு நீ இருக்கிறாய், எங்கள் வீட்டுக்கு ஒருத்தரும் இருக்கவில்லை. கோபத்தில் எழுதவில்லை. இல்லை, கோபத்தில்தான் எழுதுகிறேன், வெட்டமாட்டேன்.

சிவானந்தன் அண்ணை அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் அடித்துக் கொண்டுவந்து தந்தார். உனக்குத் தெரியும், வீடு வீடாகத் தபால் போட்டுத் திரிந்த அப்பாவுக்கு எது மறந்தாலும் தெருப்பலகை வாசிக்க மறக்கவில்லை. 'காடே'யைக் கண்டார், படியைக் கண்டார், உன்னைக் கண்டார். "இஞ்சரும், பாத்தீரே, எங்கட வீட்டை இடிக்கேல்லை. பிள்ளை வாசலிலதான் நிக்குது" என்றார். அது வேறை நாடு, கடல் தாண்டி எங்கேயோ என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே. விடிய எழும்பிக் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருக்கிறார், நீ வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாய் என்று. இரவு நான் கழற்றினால்தான் உண்டு.

உன்னை வா என்று கேட்க மாட்டேன், கேட்டுக் கேட்டு வாய் ஓய்ந்துவிட்டது. வந்தாலும் உன்னை அவர் அடையாளம் காண்பாரோ தெரியாது, இப்போது அவருக்கு மகள் என்றால் படத்தில் நிற்கிறவள்தான். தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. எனக்கு நம்பிக்கை விட்டுப்போய்விட்டது, அதைச் சொல்ல உன்னை விட எனக்கு யார்.

உச்சி வெயிலில் கூரையில் ஏறாதே. புயல் அறிவித்தால் அந்தப் பலகை வீடுகளுக்குள் இராதே, வீடு போனால் திரும்பக் கட்டலாம். நீயும் உன் கைபட்ட கூரைகளும் காற்றுக்கும் மழைக்கும் அசையாமல் நிற்க வேண்டும், அதுதான் அம்மாவின் ஆசீர்வாதம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் செய். படத்தில் உனக்குப் பின்னால் அந்த வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. அப்பா அதைத் தடவித் தடவி, "பிள்ளை ஏன் கதவைப் பூட்டிப்போட்டு நிக்குது, என்னோட கோவமோ" என்று கேட்கிறார். வீட்டுக்காரரிடம் கேட்டுக் கதவை அகலத் திறந்துவிட்டு, உள்ளே லைட்டும் போட்டு, பக்கத்தில் நின்று இன்னொரு படம் எடுத்து அனுப்பு. பூட்டினது நீயில்லை, நான்தான் என்று அவருக்குச் சொல்ல என்னால் முடியவில்லை.

உன் அம்மா
தவமலர் சபாரத்தினம்